ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு வாசகர்

லிஃப்டுக்குள் கண்ணாடி மாட்டுவது தலை சீவிக்கொள்ள இல்லை, மேடம். சும்மா நிற்கிறவர்களுக்குப் பொழுது போகவேண்டும், அதற்குத்தான். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் லிஃப்ட் மெதுவாகப் போவது உறைக்காது. நான் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சின்னதாக ஒரு பலகை அடித்து, என் நாவலை வைத்தேன். ஆரம்பம் அவ்வளவுதான்.

என் மனைவி எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? பத்திரமாக இருக்கிறாள், சொல்கிறேன். மச்சான் பதறிப்போய் ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். பால் பொங்கினாலே பதறுகிற ஆள் அவர்.

பகலில் நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம், ஒரே லிஃப்ட், படிக்கட்டுக்கு அடியில் எனக்கு ஓர் அறை. விடிகாலையில் எழுத்தாளன். மூன்றாவது நாவல் வந்தபோது பதிப்பாளர், "அச்சுப் போடறதோட என் வேலை முடிஞ்சுது தம்பி. இனிமே நீங்கதான் ஊரைக் கூட்டணும்" என்றார்.

ஊரைக் கூட்டப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் சிநேகிதர் ஒருவர், சரித்திர நாவல்காரர், தினமும் காலையில் எல்லோர் போனுக்கும் தன் அட்டைப்படத்தை அனுப்புவார். துக்கம் கேட்கப் போன வீட்டில் அழுதுகொண்டிருந்தவர் கையிலேயே ஒரு பிரதியைத் திணித்தார். இப்போது அவரைக் கண்டால் சொந்தத் தம்பியே எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறான்.

"நீங்களும் இப்படிக் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சீங்கன்னா, நான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன்" என்றாள் என் மனைவி. நியாயம்தானே? அன்றைக்கே முடிவு செய்தேன். யாரையும் நச்சரிப்பதில்லை. எத்தனை பிரதி போயிற்று என்று விசாரிப்பதில்லை. ஒரு சமயத்தில் ஒரே வாசகர், அவருடைய முழுக் கவனம், அது போதும். புத்தி தெளிவாக இருக்கிறவன் இப்படித்தான் செய்வான்.

முதல் தடவை நிஜமாகவே பழுது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மாட்டிக்கொண்டார். வெளியே எடுத்ததும், "உள்ள ஒரு புத்தகம் இருந்துச்சே, நல்ல புத்தகம் சார்" என்றார். சட்டை தொப்பலாக நனைந்து, கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என் எழுத்துக்கு ஒருவர் கண் கலங்கி நான் பார்த்ததே அன்றைக்குத்தான். வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அங்கே சிக்னல் கிடைக்காது, யாரும் கூப்பிட முடியாது, எழுந்து போக வழி கிடையாது. இந்தக் காலத்தில் ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

கண்டபடி யாரையும் நிறுத்தவில்லை. ஏறும்போதே, "பிரஷர், சுகர் ஏதாச்சும் இருக்கா?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொள்வேன். தனியாகப் போகிறவர்கள் மட்டும்தான். இரண்டு பேர் என்றால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன். ஆனால் என் தொடக்கம் கொஞ்சம் நிதானமாகத்தான் போகும், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். படகு வருவது முப்பதாம் பக்கத்தில். அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் நஷ்டம் வாசகருக்குத்தான். நேரத்தைக் கூட்டினேன்.

என் அறையிலிருந்தே இன்டர்காமில் பேசலாம். எட்டாவது மாடியில் கணக்கெழுதுகிற பெண்ணை மறக்கவே முடியாது.

"அண்ணா, கதவைத் திறங்கண்ணா. மூச்சு முட்டுது."

"ஃபேன் ஓடுதேம்மா. எத்தனாவது பக்கம்?"

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "முப்பதுண்ணா."

"அப்போ படகு வந்திருக்கணுமே."

"வந்துடுச்சுண்ணா. ரொம்ப நல்ல படகு."

ரொம்ப நல்ல படகு. எந்த விமர்சகரும் இவ்வளவு எளிமையாகச் சொன்னதில்லை. உடனே திறந்துவிட்டேன். இப்போதெல்லாம் அந்தப் பெண் எட்டு மாடியும் படியேறித்தான் போகிறாள். பாதிக் கட்டடம் அப்படித்தான் போகிறது. வாசிப்பு மனிதர்களை மாற்றும் என்பார்கள், உடம்புக்கும் நல்லது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இத்தனை பேர் கை மாறியும் அந்த ஒரே பிரதியில் ஒரு மடிப்பு கிடையாது, ஒரு விரல் அழுக்கு கிடையாது. வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே மினுமினுக்கும்.

பாக்கி ஒரே ஓர் ஆள், என் மனைவி. "இந்தத் துணி காயட்டும்", "இந்தத் தலைவலி விடட்டும்" என்றே மூன்று நாவலையும் படிக்காமல் தட்டிக்கழித்துவிட்டாள். நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். கட்டடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. "மொட்டை மாடியில உட்கார்ந்து சாப்பிடலாம், நீ முன்னால போ" என்றேன். தண்ணீர், பிஸ்கட், தலையணை, மூடி போட்ட வாளி எல்லாம் உள்ளே முன்கூட்டியே வைத்திருந்தேன்.

"என்னங்க, லிஃப்டுல வாளி எதுக்கு?" என்றாள். அதற்குள் கதவு மூடிவிட்டது.

நானூறு பக்கம், மேடம். அவள் நிதானமாகப் படிக்கிறவள். இடையில் பேசி அவசரப்படுத்தக்கூடாது என்று இன்டர்காமை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். இந்நேரம் முடித்திருப்பாள். கதவுச் சாவி இதோ, உங்கள் ஆட்களிடம் கொடுத்தனுப்புங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

வந்துவிட்டாளா? சந்தோஷம். ஒரு கீறல்கூட இல்லை என்கிறீர்கள், நான்தான் சொன்னேனே. என் முகத்திலேயே விழிக்கமாட்டேன், அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்கிறாளா? போகட்டும். நல்ல நாவலை முடித்த கையோடு யாருக்கும் கொஞ்சம் தனிமை வேண்டியிருக்கும்.

புத்தகத்தைக் கொடுங்கள், பார்க்கிறேன். மூலை நசுங்கியிருக்கிறது. விடிய விடிய அதை வைத்துக் கதவை இடித்தாள் என்று அவள் சொல்லலாம். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் படகு கவிழும்போது யார் கையிலிருந்தும் புத்தகம் நழுவத்தான் செய்யும்.

என்ன சொன்னீர்கள்? மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையா? ஆமாம், அச்சகத்தில் சுற்றியது. இதோ, ஒட்டுக்கூட விடவில்லை.

பார்த்தீர்களா, மேடம்? ஒவ்வொருவரும் படித்து முடித்து, அடுத்தவருக்குப் புதுசாக இருக்கட்டும் என்று உறையைத் திரும்பப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வாசகர்கள் வேறு எந்த எழுத்தாளனுக்குக் கிடைப்பார்கள், சொல்லுங்கள்.