மிஸஸ் ஃபென்விக்கின் கடிதம்

ஆப்பிள் பை ஆறுவதற்குள் சாப்பிடுங்கள், மிஸ்டர் ஃபென்விக். பாஸ்டனிலிருந்து இந்தப் பனியில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், என்னிடம் ஒளிவு மறைவு கிடையாது.

என் அக்கா துருசில்லா கவிதை எழுதுவாள் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வருடங்களுக்கு முன் நான்கு கவிதைகளை ஒரு கடிதத்தோடு மடித்து, உங்கள் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு இதயம் பலவீனம், தபால் நிலைய மேட்டை ஏற முடியாது. தபால் வேலை எல்லாம் என் தலையில்தான். அன்று அதை மேலங்கிப் பையில் வைத்துச் சுத்தமாக மறந்துவிட்டேன். மறதி யாருக்குத்தான் இல்லை?

மூன்று வாரத்தில் அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. “ஏண்டி கெசியா, பாஸ்டன்ல இருந்து ஒண்ணும் வரலையா? நல்லாப் பாத்தியா?” என்று தினமும் அரித்தெடுத்தாள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் வீட்டில் இருக்க முடியாது. அதனால் உங்கள் சார்பில் நானே பதில் எழுதினேன். எழுத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துக்கொண்டேன். உறையை வழியிலேயே பிரித்துவிட்டதாகச் சொன்னேன், நான் அவசரக்காரி என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் நீங்கள் மிகவும் கண்ணியமாக இருந்தீர்கள். இப்போது பிரசுரிக்க இடமில்லை, ஆனால் தொடர்ந்து எழுதுங்கள் என்றீர்கள்.

எழுதினாள். எனக்கு ருசி கண்டுவிட்டது. ஒரே வீட்டில் இருக்கும் தங்கைக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? என்னிடம் அவள் பேசியதெல்லாம் கோழி, விறகு, வெந்நீர். உங்களிடம்தான் மனதைத் திறந்தாள். ஒருமுறை என்னைப் பற்றியும் எழுதியிருந்தாள்: ‘தங்கை நல்லவள், ஆனால் இதெல்லாம் அவளுக்குப் புரியாது.’ நான் கோபப்படவில்லை. தங்கையிடம் அன்பாக இருங்கள் என்று உங்கள் பெயரில் புத்தி சொன்னேன். அந்த வாரமே எனக்குக் கையுறை பின்னிக் கொடுத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த அக்டோபரில் அவளுக்குக் கிறுக்குப் பிடித்தது.

“வியாழக்கிழமை ரயில்ல பாஸ்டன் போறேன்டி. எல்லாக் கவிதையையும் அவர் கையிலயே குடுத்துடுறேன்.”

“உன் நெஞ்சு தாங்குமாக்கா?”

“தாங்கலைன்னா அங்கயே சாகுறேன். உனக்கென்ன போச்சு?”

எனக்கு எல்லாமே போயிருக்கும். அதனால் உங்களைச் சாகடிக்க வேண்டியதாயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இறந்தபோது வாங்கிய கறுப்புக் கரை போட்ட துக்கக் காகிதம் அலமாரியில் மிச்சமிருந்தது. விதவை எழுதுவதென்றால் கரை அகலமாக இருக்க வேண்டும், அந்த முறையெல்லாம் நான் தவறவில்லை. நீங்கள் நிமோனியாவில் போய்விட்டதாக உங்கள் மனைவி எழுதினாள். அதோடு நிறுத்தினால் அக்கா வேறு பத்திரிகையைத் தேடிப் போவாள். எனவே கூடுதலாக ஒன்று: ‘சாப்பாட்டுக்குப் பிறகு அவர் உங்கள் கவிதைகளை எனக்கு வாசித்துக் காட்டுவார். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நன்றி.’

அக்கா இரண்டு முறை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கவிதைகளை அடுப்பில் போட ஆரம்பித்தாள். இரும்பு மூடி கனம், அவளால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன். அதன்பின் சாப்பாட்டைத் தொடவே இல்லை. பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. கறுப்புக் கரைக் கடிதம் வந்தால் ஆறுதல் எழுதாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் மரியாதையில்லை. படுக்கையிலிருந்தே உங்கள் மனைவிக்கு நாலு வரி எழுதி, டாக்டர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கல்யாணமே ஆகாத நீங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டீர்கள். எங்கே, அந்தத் தாளைக் காட்டுங்கள். ‘அவரைச் சிரிக்க வைத்தேன் என்றால் அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். உங்கள் வீடு இனி சத்தமில்லாமல் இருக்குமே என்று வருந்துகிறேன்.’ அக்காவேதான்.

ஒன்பது வருடக் கடிதங்களையும் கேட்கிறீர்கள். மாடியில் பத்திரமாக இருக்கின்றன. எரியாமல் தப்பிய கவிதைகள் எல்லாம் அவற்றுக்குள்தான். தர மாட்டேன், ஐயா. பதில் எழுதியவருக்குத்தான் அவை சொந்தம்.

கொலை என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். நானும் மறுக்கவில்லை, அந்தக் கடிதம்தான் அவளைக் கொன்றது. இதய நோயாளிக்கு அப்படி எழுத ஒருத்திக்கு எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. உங்கள் மனைவியை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.