வளைவில் அமர்ந்து பார்த்த வெரோனிக்கா அக்காவுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலப் பிரிப்பு வரைபடங்களை நேர்மையோடும் நிதானத்தோடும் நோக்கிய நெஞ்சுரமே! டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து நாள்தோறும் முதல் ஆளாய் வந்து நில அலுவலகக் கதவு திறந்த கடமைக் கனலே! அன்பு அக்கா வெரோனிக்கா அவர்களே! பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்தி வழியனுப்ப வந்தோம்.

மாநிலச் சாலையோர நிலத்தை மனைகளாகப் பிரிக்க விண்ணப்பம் வந்தால், மற்றவர் வரைபடத்தைப் பார்ப்பார்கள். நீங்களோ, வாசல் வரப்போகும் இடத்தில் குடையும் மடக்கு நாற்காலியுமாய் மாலை நான்கு முதல் ஆறுவரை அமர்ந்து, வரும் லாரிகளைப் பார்ப்பீர்கள். "படத்துல ரோடு அழகாத்தான் இருக்கும். போய் உட்கார்ந்து பாருங்க லா," என்பீர்கள். நில உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள். நாங்களும் முதுகுக்குப் பின்னால் 'நாற்காலி அக்கா' என்று சிரித்தோம். இன்று அதை நினைக்கவே கூசுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அறுவை சிகிச்சை முடிந்து நீங்கள் விடுப்பில் இருந்தபோது, செபராங் பிறையில் ஒரு சாலை வளைவை ஒட்டிய பதினெட்டு மனைகளின் கோப்பு உங்கள் மேசையில் காத்திருந்தது. மேலிடம் அவசரப்படுத்தியது. நாங்கள் காலை பத்து மணிக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றோம். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. 'வாசலிலிருந்து சாலைப் பார்வைக்குத் தடையில்லை' என்று அறிக்கை எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினோம். வீடுகள் எழுந்தன. சென்ற ஆண்டு ஒரு மாலை, முதல் வீட்டு வடிவம்மாள் மோட்டார்சைக்கிளில் சாலைக்கு ஏறினார். வளைவில் வந்த லாரியை அவர் பார்க்கவில்லை. அவர் வீடு திரும்பவும் இல்லை.

நாங்கள் எழுதிய அந்த அறிக்கையின் அடியில் கோப்புப் பொறுப்பாளராக உங்கள் பெயரே அச்சாகியிருந்தது. விடுப்புச் சீட்டைக் காட்டியிருந்தால் தப்பியிருப்பீர்கள். "நான் போகப்போறவ. உங்களுக்கு இன்னும் வருஷம் கெடக்கு," என்று எங்களிடம் சொல்லிவிட்டு, விசாரணையில் பழியை ஏற்றீர்கள். கண்டனக் கடிதம் வந்தது. பதவி உயர்வு போயிற்று. துக்கம் கேட்கப் போன உங்களை வடிவம்மாளின் மகள் மோகனா வாசலோடு திருப்பி அனுப்பினார். நாங்கள் ஊமைகளாய் இருந்தோம், அக்கா. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

நேற்று மோகனாவிடம் போய் உண்மையைச் சொன்னோம். "அவங்கள நான் எப்படிப் பேசிட்டேன்!" என்று அழுதார். இன்று காலை மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதன் நகல் இம்மடலோடு இருக்கிறது.

உடல் தேறி, ஆயுள் நீண்டு, உறக்கம் நிம்மதியாய் வாய்க்க இறைவனை இறைஞ்சுகிறோம். பாராட்ட வந்த இடத்தில் மன்னிப்பைக் கேட்கிறோம். 'அலுவலக ஊழியர்கள்' என்ற பொதுப் பெயருக்குள் ஒளியாமல், அந்த அறிக்கையை எழுதியவர்களாகக் கையொப்பமிடுகிறோம்:

லாரன்ஸ்
ஷாஹிரா
ஹரீஷ்

ஜார்ஜ் டவுன், பினாங்கு