மூன்றாவது சீட்டு

நம் ஆ-தோவின் அக்காவுக்கு நடந்தது இது. ராத்திரியில் இல்லை... பட்டப்பகல், மணி மூன்று. சீனக் கடலோர மக்காவ் நகரில் புயலுக்குப் பத்தாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கொலோவான் கடலோரச் சாலையில் ஈ, காக்கை கிடையாது. பேருந்து பாதியில் இறக்கிவிட, அவள் ஒருத்திதான் நடந்து வந்தாள்.

லாய்-குவான் என்று பெயர். சூதாட்டக் கூடத்தில் பக்காரா மேசைக்குச் சீட்டுப் போடுகிறவள். புயலுக்காகக் கூடத்தையே மூடிவிட்டார்கள். வீட்டில் மாமியார் மட்டும். மின்சாரம் இல்லை... ஒரு மெழுகுவத்தி. வெளியே எங்கோ தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் இப்படியொரு புயலில்தான் அவள் புருஷன் கா-செங் படகைக் கட்டப் போனான். படகு கிடைத்தது... அவன் கிடைக்கவில்லை. படம் மாட்டி ஊதுவத்தி கொளுத்த மாமியார் இன்றுவரை விடவில்லை.

கிழவி சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்தாள்.

"போடுடி. ஆட்டக்காரன் பக்கம் அவனுக்கு. வங்கிப் பக்கம் எனக்கு."

"இன்னிக்கு வேண்டாமே, அத்தை..."

"ஊர்ல இருக்கிற பணக்காரனுக்கெல்லாம் எட்டு மணி நேரம் நின்னு போடுறே. என் பிள்ளைக்கு ஒரு கை போட வலிக்குதா? அவன் ஜெயிச்சா வந்துடுவான்."

போட்டாள். ஆட்டக்காரன், வங்கி என்று இரண்டு பக்கம்; ஒன்பதுக்குக் கிட்டே வருகிற பக்கம் ஜெயிக்கும், அவ்வளவுதான் ஆட்டம். கிழவிக்கு ஏழு; ஏழோடு நிற்க வேண்டும். அவனுக்கு இரண்டும் மூன்றும்... ஐந்து. ஐந்து என்றால் மூன்றாவது சீட்டு எடுத்தே ஆக வேண்டும். காலி நாற்காலிக்கு முன்னால் அதைக் கவிழ்த்துத் தள்ளினாள்.

இருவரும் தொடவில்லை.

டீசல் வாடை வந்தது... பின்னாலேயே அழுகிய பாசி. மெழுகுவத்திச் சுடர் அசையவில்லை. சீட்டின் ஓரம் மட்டும் மெல்ல வளைந்து எழுந்தது. ஃபூ... ஃபூ... வேண்டாத புள்ளி பறந்து போகட்டும் என்று சூதாட்டக் கூடத்தில் எல்லாரும்தான் சீட்டை ஊதுவார்கள். ஆனால் ஊதிவிட்டு ஒரு வறட்டு இருமல்... அது அவனுடையது.

லாய்-குவானுக்கு ஓடத் தோன்றவில்லை. அந்தப் பக்கம் கையை நீட்டத்தான் தோன்றியது.

சீட்டு புரண்டு விழுந்தது. நான்கு. ஆக, ஒன்பது.

கிழவி காலி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"ஜெயிச்சுட்டேடா, ராசா," என்றாள். "வந்துட்டே... பார்த்துட்டேன். எவ்வளவு குளிருதோ உனக்கு. போதும்டா... போய்ப் படு."

வாடை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"அவன் படத்தைக் கொண்டுவாடி."

லாய்-குவான் படத்தோடு திரும்பியபோது கிழவி முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சட்டையின் இரண்டு தோள்களிலும் ஈரம்... ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் தடம்.