மூணு பேர் சேந்தா மீட்டிங்

எல்டன்: ...அதான் சொல்றேன், அவனை உள்ள கூப்பிடாத. கையக்கூட ஆட்டாத.

லெனோர்: பாவம்யா டுவேன். வண்டிக்குள்ளயே உக்காந்து விறைச்சுப் போயிருப்பான். நம்மளையே பாத்துட்டு இருக்கான் பாரு.

எல்டன்: பாக்கட்டும். பாக்கறதுக்குச் சட்டத்துல தடை இல்ல. ஸ்கூல் போர்டுல மொத்தம் அஞ்சு பேரு. நீயும் நானும் நடந்தா அது கட்டடத்தைச் சுத்திப் பாக்கறது. அவனும் வந்து நின்னா மூணு, பாதிக்கு மேல. மூணு பேர் சேந்தா மீட்டிங். முன்கூட்டியே பேப்பர்ல அறிவிச்சிருக்கணும்.

லெனோர்: எனக்கே பாடம் எடுக்கறியா? ஓட்டோ சாவுல நாம மூணு பேரும் பெட்டி பக்கத்துல நின்னதுக்கே பக்கத்து ஊரு மேரியன்காரன் எவனோ பேப்பருக்கு எழுதிப் போட்டானே.

எல்டன்: 'சவப்பெட்டி முன்னால ரகசியக் கூட்டமா?' அந்தத் துண்டை என் பொண்டாட்டி இன்னும் ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா.

லெனோர்: படத்துல நீ நல்லாதான் இருந்த.

எல்டன்: ஓட்டோ என்னைவிட நல்லா இருந்தான்... சரி, எங்க ஆரம்பிக்கலாம்? டார்ச் எடுத்துட்டு வந்தியா?

லெனோர்: எடுத்துட்டு வந்தேன். ரெண்டாம் கிளாஸ்ல ஆரம்பிக்கலாம்.

எல்டன்: உன் பொண்ணு பாடம் எடுக்கற கிளாஸு. அது பாரபட்சம்.

லெனோர்: மார்லா இப்ப அங்க இல்லப்பா. சமையக்கட்டுல நிக்கிறா. ஊருக்கே பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பு, சினமன் ரோல். ராத்திரி மீட்டிங்குக்கு முன்னாடி எல்லாருக்கும் வயிறு நிறையப் போட்டுட்டா பேசறதுக்குத் தெம்பு இருக்கும்ங்கிறா.

எல்டன்: 'எங்க பள்ளிக்கூடத்தை மூடாதே'ன்னு பலகை எழுதினதும் அவதான், வீடு வீடா நட்டதும் அவதான். உன்னை உரிச்சு வச்சிருக்கா.

லெனோர்: நான் அவ்வளவு கத்த மாட்டேன்.

எல்டன்: யாரு, நீயா? எட்டாவது படிக்கும்போது வாத்தியாரையே உக்கார வச்சவ நீ.

லெனோர்: பழைய கதைய விடு. லைட்டைப் போடு... அது எரியாது, இந்தப் பக்கத்து சுவிட்ச்.

எல்டன்: என்னது இது, வாளிக்குக் கண்ணு வரைஞ்சிருக்கு?

லெனோர்: பிள்ளைங்க வேலை. மேல இருந்து ஒழுகுது இல்லையா, அதுக்கு வச்ச வாளி. ஹெர்புன்னு பேரு வச்சிருக்காங்க. தினம் ஒருத்தர் ஹெர்பைக் கொண்டுபோய்க் கொட்டணும். அதுக்குப் போட்டி.

எல்டன்: ...மீசை வேற.

லெனோர்: சிரிக்காத. போன மாசம் இந்த ரூம்ல பிள்ளைங்க கோட்டைக் கழட்டவே இல்ல. கையுறையோட எழுதினாங்க. எல்லா எழுத்தும் ஒரே மாதிரி கோணலா இருக்குன்னு மார்லா சிரிச்சுக்கிட்டே சொன்னா. சொல்லிட்டு பாத்ரூமுக்குப் போயிட்டா. ரொம்ப நேரம் வரல.

எல்டன்: பாய்லரைத்தான் சரி பண்ணியாச்சே.

லெனோர்: பாய்லர் ஓடுது. சூடு எங்க போகுதுன்னுதான் யாருக்கும் தெரியல.

எல்டன்: ரெண்டு ஊருக்கும் ஒரே போர்டு. மேரியன்காரங்க மாநிலத்துக்கே பெருமையா அவங்க ஸ்கூல்ல நீச்சல் குளம் கட்டிக்கிட்டாங்க. நம்ம கூரைன்னா மட்டும் 'அடுத்த வருஷம் பாக்கலாம்'.

லெனோர்: அந்தக் குளத்துக்கு நீயும்தான் ஓட்டுப் போட்ட.

எல்டன்: அப்ப கூரையும் சேத்துப் பண்றோம்னாங்களே. நம்பினேன்... ஒரு நிமிஷம். போன் அடிக்குது. டுவேன் மெசேஜ் போட்டிருக்கான். 'ரொம்பக் குளுருது'ங்கிறான்.

லெனோர்: பதில் போடு பாவம்.

எல்டன்: போடலாமா? குளிர்ங்கிறது பொதுவான விஷயம்தானே?

லெனோர்: அவன் வண்டிக் குளிருன்னா பொது. இந்தக் கட்டடத்துக் குளிருன்னா போர்டு விஷயம்.

எல்டன்: அப்ப வேண்டாம் சாமி... உக்காரு கொஞ்சம். முட்டி விண்ணுன்னு வலிக்குது.

லெனோர்: இந்த நாற்காலில உக்காந்தா எந்திரிக்க முடியாது. ஏழு வயசுப் பிள்ளைங்க உக்கார்றது.

எல்டன்: எந்திரிக்க முடியலன்னா இன்னிக்கு ஓட்டுப் போட வேண்டாம்ல. அதுவும் நல்லதுதான்... லெனோர், நீ ராத்திரில தூங்கறியா?

லெனோர்: எதுக்குக் கேக்குற?

எல்டன்: எனக்குத் தூக்கம் வர்றதில்ல. மாட்டுக்குத் தீனி வைக்கப் போனா அங்க ஒருத்தன் நிக்கிறான், 'ஸ்கூலை விட்ராத எல்டன்'. சர்ச்சுல அப்பத்தை வாய்ல வைக்கிறதுக்குள்ள ஒருத்தி காதுகிட்ட வந்து, 'விட்ர மாட்டியே?'. பெட்ரோல் போடப் போனா அங்கயும். எனக்குச் சம்பளமா குடுக்கறாங்க?

லெனோர்: ஒரு கோப்பை காப்பி குடுப்பாங்க. அதுவும் ஆறினது.

எல்டன்: ...கணக்கு என்னமோ சுலபம்தான். போர்டுல மேரியன்காரங்க ரெண்டு பேரும் ஸ்கூலை மூடணும்கிறாங்க. நம்ம கட்பர்ட்காரங்க மூணு பேரு. நீ, நான், வெளிய குளுர்ல இருக்கிறவன். மூணுக்கு ரெண்டு. ஸ்கூல் நிலைச்சு நிக்கும்.

லெனோர்: நிக்கும்.

எல்டன்: ஏன் அப்படி இழுக்குற?

லெனோர்: இழுக்கலையே. நிக்கும்னுதான் சொன்னேன்.

எல்டன்: மூடினா மார்லாவுக்கு மேரியன்ல வேலை குடுப்பாங்களா?

லெனோர்: கடைசியா சேந்தவ அவ. ஆளைக் குறைக்கும்போது முதல்ல யாரை அனுப்புவாங்க? வீட்டுக்கு இப்பதான் கடன் வாங்கியிருக்கா. போன வாரம் சாப்பிட வந்தவ கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, 'அம்மா, நீ இருக்கும்போது எனக்குப் பயமே இல்ல'ன்னு.

எல்டன்: கையக் குடு, எந்திரிக்கிறேன்.

லெனோர்: வா, ஜிம்மைப் பாத்துட்டுப் போயிரலாம்.

எல்டன்: ஜிம்முல என்ன இருக்கு பாக்க? நாற்காலி போட்டிருப்பாங்க, அவ்வளவுதானே. போர்டு ரூம்ல இடம் பத்தாதுன்னு மீட்டிங்கை அங்க மாத்தினோம். வேற என்ன?

லெனோர்: எல்லாத்தையும் பாக்கணும்னுதானே நம்மளை அனுப்பியிருக்காங்க. நட.

எல்டன்: ...அப்பா, எவ்வளவு நாற்காலி. ஊரே வரும் போல.

லெனோர்: பக்கத்து ஊர்ல இருந்தும் வர்றாங்க. கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு முன் வரிசைன்னு மார்லா சீட்டு ஒட்டி வச்சிருக்கா, பாரு.

எல்டன்: ஜன்னல் பக்கம் பாத்தியா? பனி திரும்ப ஆரம்பிச்சிருச்சு. நல்லா ஈரமான பனி.

லெனோர்: காலைல வாசல்ல தள்ளினேன். மண்ணு மாதிரி கனம்... எல்டன்.

எல்டன்: என்ன?

லெனோர்: அந்தக் கொடி முன்னாடி அங்க இல்லையே.

எல்டன்: எந்தக் கொடி?

லெனோர்: பெண்கள் வாலிபால், மாநில வெற்றி. அது ஸ்கோர் பலகைக்குப் பக்கத்துலதானே எப்பவும் தொங்கும். இப்ப என்னத்துக்கு மேல ஏறி உத்தரத்துல தொங்குது?

எல்டன்: ...அங்க நல்லாத் தெரியும்னு.

லெனோர்: யாருக்கு? புறாவுக்கா?

எல்டன்: கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி அப்ப... அழகா இருக்கட்டும்னு மாத்தினேன்.

லெனோர்: உனக்கு அழகு மேல என்னிக்குய்யா அக்கறை வந்துச்சு? முப்பது வருஷமா ஒரே தொப்பி.

எல்டன்: தொப்பியைப் பத்திப் பேசாத.

லெனோர்: அந்தக் கொடிக்குப் பின்னால உத்தரம் பிளந்திருக்கு. பலகை மேல பலகை வச்சு ஒட்டின உத்தரம். பசை விட்டுப்போச்சு. உள்ள விரல் போகும்.

எல்டன்: உனக்கு எப்படித் தெரியும்?

லெனோர்: நவம்பர்ல மாடிப்படி வழியா ஏறிப் பாத்தேன்.

எல்டன்: நவம்பர்லயா... அப்பவே பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

லெனோர்: நீ எப்ப பாத்த?

எல்டன்: ...அக்டோபர்.

லெனோர்: நல்லா இருக்கு.

எல்டன்: சொல்லியிருந்தா? மீட்டிங்லதான் சொல்லணும். மேரியன்காரங்க ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்திருக்கும்போது. அவங்க கைல நாமளே கத்தியக் குடுத்த மாதிரி ஆயிராதா? 'பாத்தீங்களா, விழப்போற கட்டடம், மூடுங்க'ன்னு அன்னிக்கே முடிச்சிருப்பாங்க.

லெனோர்: நானும் அதையேதான் நெனச்சேன். நீ எடுத்துச் சொல்லுவேன்னு காத்திருந்தேன். டிசம்பர் போச்சு, ஜனவரி போச்சு. ஒவ்வொரு மீட்டிங்லயும் உன் வாயையே பாத்துட்டு இருந்தேன்.

எல்டன்: நான் உன் வாயைப் பாத்தேன்... டுவேனுக்குத் தெரியுமா?

லெனோர்: அவன்கிட்ட நான் கேக்க முடியாது. கேட்டுட்டு வந்து உன்கிட்ட சொன்னா அதுவும் மீட்டிங் கணக்குத்தான்.

எல்டன்: அவன் ஏணி ஒண்ணு ஸ்டோர் ரூம்ல கிடக்குது. புதுப் பனித் தள்ளு பலகையும். எனக்கு அப்பவே சந்தேகம். போன மாசம் கூரை மேல ஏறிப் பனியைத் தள்ளினவன் அவன்தான். யாரும் கேக்கவே இல்ல, தானா ஏறினான்.

லெனோர்: ஆக மூணு பேருக்கும் தெரியும்.

எல்டன்: மூணு பேருக்கும் தெரியும். சேந்து பேசினா குத்தம்.

லெனோர்: பேசாம இருந்தது அதைவிடக் குத்தம்யா.

எல்டன்: ...தெரியாமலா இருக்கு? ராத்திரி பூரா அந்த உத்தரம்தான் என் நெஞ்சு மேல கிடக்குது. பனி பெய்யற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துக்கறேன். பனிக்கு ஏது சத்தம்? எனக்குக் கேக்குது.

லெனோர்: உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், சுவத்துப் பக்கம் வா.

எல்டன்: லெனோர், நான் ஒண்ணு சொல்றேன், திட்டாம கேளு. இன்னிக்கு நான் மூடணும்னுதான் ஓட்டுப் போடப் போறேன்.

லெனோர்: ...நீயா?

எல்டன்: நான்தான். மேரியன்காரங்க ரெண்டு, நான் ஒண்ணு. முடிஞ்சு போயிரும். நீ மட்டும் வேண்டாம்னு நில்லு. நல்லாச் சத்தமா நில்லு. மார்லா காதுல விழணும். டுவேனும் நிப்பான். ஊரு என்னைத் திட்டட்டும். எனக்கென்ன, மாடுங்க என்கிட்ட பேசாம இருக்கப் போறதில்ல.

லெனோர்: உன் பொண்டாட்டி?

எல்டன்: அவ ஃபிரிட்ஜ்ல இன்னும் இடம் இருக்கு.

லெனோர்: இதைச் சொல்லத்தான் இன்னிக்கு என்னோட வர்றேன்னு அடம் பிடிச்சியா?

எல்டன்: உன் பொண்ணு உன்னை நம்புறா. அது கெடக் கூடாது. நம்ம ஊர்ல ஒருத்தராவது தலை நிமிந்து காப்பிக் கடைக்குப் போகணும். சரின்னு சொல்லு.

லெனோர்: நீ நல்லவன்தான் எல்டன். ஆனா யோசிக்கல. ஓட்டெடுப்பு எப்ப? ஆளுக்கு மூணு நிமிஷம் பேசி, அழுது, கை தட்டி, கடைசிலதான். அதுவரைக்கும் இத்தனை பேரும் எங்க உக்காந்திருப்பாங்க?

எல்டன்: ...தெற்குப் பக்கமா தள்ளிப் போடச் சொல்லலாம்னு பாத்தேன். நாற்காலிய.

லெனோர்: என்ன காரணம் சொல்லி?

எல்டன்: வெளிச்சம் கண்ணைக் கூசுதுன்னு.

லெனோர்: ராத்திரி ஏழு மணிக்கு.

எல்டன்: ...எனக்கு அதுக்கு மேல யோசிக்க முடியல லெனோர். மூளை மரத்துப் போச்சு. மூடறதுக்கு ஓட்டுப் போட்டுட்டா அதோட நிம்மதின்னு நெனச்சேன்.

லெனோர்: எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஓட்டை மாத்திப் போட்டுட்டா போதும்னு. நேத்து ராத்திரி வரைக்கும்.

எல்டன்: நீயுமா? ...இரு, டுவேன் ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறான்?

லெனோர்: போய்ப் பாரு.

எல்டன்: வாசல்ல ஒரு வெள்ளை வண்டி வந்து நிக்குது. கதவுல அரசாங்க முத்திரை. ஒரு பொம்பள இறங்குது, தலைல கட்டட வேலைத் தொப்பி... கைல ஒரு சுருள் மஞ்சள் நாடா. லெனோர், இது மாநிலக் கட்டட இன்ஸ்பெக்டரு. இன்னிக்கே ஜிம்மைப் பூட்டிருவாங்க.

லெனோர்: பூட்டட்டும். கட்டடம் பூராவும் பூட்டினாலும் பூட்டட்டும்.

எல்டன்: இது மேரியன்காரன் வேலை. ஓட்டுல ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சு போட்டுக் குடுத்துட்டான். கடைசில நாம ஓட்டுப் போடறதுக்கே ஒண்ணும் மிஞ்சல... சத்தம் கேட்டு மார்லா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாக்கறா. கரண்டியோட வர்றா. நான் அவகிட்ட என்னன்னு சொல்றது? எவன் கூப்பிட்டான்னு கேட்டா யாரு பேரைச் சொல்றது?

லெனோர்: யாரு பேரையும் சொல்லாத. நீ அந்தம்மாவுக்கு உத்தரத்தைக் காட்டு, மார்லாகிட்ட நான் போறேன். காலைல அவ பக்கத்துல நின்னு சில்லிக்கு வெங்காயம் நறுக்கிக் குடுத்துட்டு, கையக்கூடக் கழுவாம, அந்த ஸ்டோர் ரூமுக்குள்ள போயி நான்தான்யா அவங்களுக்குப் போன் பண்ணினேன்.