வடிகட்டிக் கல்லும் புதுப் பல்லும்

"கல்லைக் குளிப்பாட்டினியா?"

ஞாயிறு மாலை, சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஜூரோங் போகும் பேருந்தில் எனக்கு முன் உட்கார்ந்திருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக் கேட்டார். வீடியோ அழைப்பு. மறுமுனையில், தர்மபுரிப் பக்கத்து ஊரில், அவர் மனைவி.

"உங்களைவிட அதைத்தான் ஒழுங்கா குளிப்பாட்டறேன். படிகாரத் தண்ணியில ஊறவச்சு, அலசி, வெயில்ல காயவச்சு, திரும்ப ஃபில்டர்ல கொட்டியாச்சு."

"அப்பதான் அது மறுபடி ஃபுளோரைடைப் பிடிக்கும். சோத்துக்கும் ஃபில்டர் தண்ணிதானே?"

"சோத்துக்கு போர் தண்ணிதான். அதான் நல்லா கொதிக்குதே."

"கொதிச்சா கிருமிதான் சாகும் புள்ள. பல்லைக் காவியாக்குறது அப்படியே சோத்துல இறங்கும். எனக்கு ஆன மாதிரி பாப்பாவுக்கு ஆகக்கூடாது."

மனைவி தலையாட்டினார்.

"அவளுக்குப் புதுப் பல்லு வந்துடுச்சா?"

"முன்னாடி ரெண்டு வந்து நாளாச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

திரையில் ஒரு சிறுமி வந்தாள். கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவரும் அப்படியே சிரித்தார்.

"கையை எடு பாப்பா. அப்பா பல்லைப் பாக்கணும்."

"நீங்க முதல்ல எடுங்க. எப்பவும் மூடிட்டுத்தானே சிரிக்கிறீங்க?"

அவர் பேருந்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கையை எடுத்தார். அவளும் எடுத்தாள்.

"வெள்ளையா இருக்குடா. நீ மூடவே மூடாதே."

அழைப்பு முடிந்தது. பக்கத்து இருக்கைச் சீன அங்கிள் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். இவரும் சிரித்தார், வாயைக் கையால் மூடிக்கொண்டு.