ரெண்டு கையும் ஸ்டீரிங் மேலே

ஹலோ... ஹலோ, ஐலி? ...நான்தான், ரெய்னோ... உன் புருஷன் ரெய்னோ, வேற எந்த ரெய்னோ? ...கத்தாம எப்படி? போன் டாஷ்போர்டு மேல கிடக்கு, நான் அதைப் பாத்துக் கத்தறேன்... எடுக்க முடியாது. உன் பேரைச் சொன்னதும் அதுவே கூப்பிட்டுது. ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல இருக்கு... வண்டி ஓடலை, ஓரமா நிக்குது. பின்னாடி போலீஸ் கார்.

ஆமா... ஆமா, ஆமா, போலீஸ்தான். ஒரு கிறிஸ்துமஸ் மரமே என்னைத் துரத்திட்டு வந்த மாதிரி சிவப்பும் நீலமுமா சுத்துது... இல்ல, வேகமாப் போகலை. மீன் தூண்டிலுக்குப் புழு வாங்கப் போறவன் எதுக்கு வேகமாப் போகணும்? நம்பர் பிளேட்ட பனி மூடியிருக்காம்... சிரிக்காத... சிரிக்காதேங்கறேன். காலமெல்லாம் இந்த மாவட்ட ரோட்டுல வண்டி ஓட்டிப் பனி தள்ளினவன் நான். ஒட்டகச்சிவிங்கி தோள்ல ஒட்டகச்சிவிங்கி ஏறி நிக்கற உயரத்துக்கு... சரி, என் பிளேட்டத் துடைக்கலை. போதுமா?

அதை விடு. நீ எங்க இருக்க? ...ஹில்மாவோட சாப்பாட்டுக் கடையிலதானே? நான் எந்திரிச்சு வந்த அதே மேஜையிலயா? ...நல்லதாப் போச்சு. கையில இருக்கற சீட்டைக் கீழ வை... ஜெயிக்கற ஆட்டமா இருந்தா என்ன, கீழ வை!

போனைக் காதோட ஒட்டி வச்சுக்கோ. பக்கத்துல யாரும் கேக்கலையே? ...ஐலி, என் துப்பாக்கியைக் காணோம்.

...ஹலோ? ...இருக்கியா? ...ஆமா, இடுப்புல மாட்டறதுதான். உறை இருக்கு. உள்ளதான் ஒண்ணுமில்ல.

எப்படித் தெரியுமா? அதானே கொடுமை! நம்ம துப்பாக்கி லைசென்ஸ் கிளாஸ்ல சொல்லித் தந்த மாதிரி எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணேன். கண்ணாடிய இறக்கினேன், ரெண்டு கையும் ஸ்டீரிங் மேல, அந்தப் போலீஸ்காரம்மா வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே, "ஆபீசரம்மா, துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு, அது வலது இடுப்புல இருக்கு"ன்னு பைபிள் வாசிக்கற மாதிரி சொன்னேன். "நன்றி, இறங்குங்க, அதைத் தொடாதீங்க"ன்னா. எறங்கினேன். கோட்டத் தூக்கிப் பாத்தா... காலி! அவ என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன், நாங்க ரெண்டு பேரும் உறையப் பாத்தோம். சுப்பீரியர் ஏரி கூட அவ்வளவு சீக்கிரம் உறைஞ்சிருக்காது.

அப்புறமென்ன... "எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க, வண்டியச் சோதிக்கலாமா"ன்னு கேட்டா. நான் விடுவேனா? "முடியாது. பனி மூடின பிளேட்டு சோதனைக்குக் காரணம் ஆகாது. என் மேல சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தாச் சொல்லுங்க. நான் போகலாமா, இல்ல பிடிச்சு வச்சிருக்கீங்களா?"ன்னு ஒரு போடு போட்டேன். உச்ச நீதிமன்றமே எந்திரிச்சு நின்னு கை தட்டியிருக்கும்... ஆமா, வண்டியில ஒண்ணுமில்லதான்... அது வேற விஷயம், இது கொள்கை! ...இப்ப என்னை மறுபடி வண்டியில உக்கார வச்சு, கைய ஸ்டீரிங்ல இருந்து எடுக்காதீங்கன்னுட்டு, என் லைசென்ஸோட அவ காருக்குப் போயிருக்கா. அதான் உன்னைக் கூப்பிட்டேன்.

எங்க விட்டேன்னு... ம்... ஐலி, நான் கிளம்பறதுக்கு முன்னாடி பாத்ரூம் போனேன்ல? தோள்ல மாட்டற பட்டை வச்ச பனி டிரவுசர், அதைக் கழட்டணும்னா எல்லாத்தையும் எடுத்து வைக்கணும். பேப்பர் பெட்டி மேல வச்சேன்... ஆமா... ஆமா, டாய்லெட் பேப்பர் பெட்டி. திட்டறத அப்புறம் வச்சுக்கோ, முதல்ல எந்திரி. நேரா ஆம்பளைங்க பாத்ரூம்... உள்ள போ, யாரு கேக்கப் போறா, உனக்கு எழுபது வயசு... சரி, அறுபத்தொன்பது! ...ஹேண்ட்பேக் எதுக்கு? நாற்காலியிலயே மாட்டிட்டு ஓடு. அந்த மூட்டையத் தூக்கிட்டு நீ நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவ. ஓடு, கண்ணு, ஓடு...

...போயிட்டியா? ...என்ன சத்தம் அங்க? ...யாரு? ...ஹாக்கிப் பசங்களா? எந்த டீம்? ...குட்டிப் பசங்களா? ஆறு ஏழு வயசு? ...எல்லாரும் பான்கேக் சாப்பிடவா? ...வரிசையில நிக்கறாங்களா? எந்த வரிசையில?

...பாத்ரூம் வரிசையிலயா?

பூட்டியிருக்கா? உள்ளேருந்தா? ...தட்டு. ...நல்லாத் தட்டு. ...பதில் இல்லையா? ஐலி, யாரு உள்ள? கோச்சைக் கேளு, பசங்களை எண்ணச் சொல்லு... ஒருத்தன் குறையறானா? ...தெரியலைன்னா என்ன அர்த்தம், தெரியலைன்னா? அவன் பசங்க எத்தனைன்னு அவனுக்கே தெரியாதா? ...ஓடிட்டே இருக்காங்களா... தட்டு ஐலி. பேரைச் சொல்லிக் கூப்பிடு... பேரு தெரியாட்டி ராஜா, கண்ணுன்னு எதையாவது சொல்லு. "எதையும் தொடாத ராஜா, வெளிய வா"ன்னு சொல்லு. மெதுவாச் சொல்லு. பயமுறுத்தாத.

...இன்னும் சத்தமில்லையா.

...இரு. லைன்ல இரு.

ஆபீசரம்மா! ...ஆபீசரம்மா, இங்க வாங்க! ...இல்ல, கைய எடுக்கலை, பாருங்க, ரெண்டும் இங்கதான் இருக்கு! சீக்கிரம் வாங்க! ...வண்டியச் சோதிக்கறீங்களா, சோதிச்சுக்குங்க, என்னைத் தலைகீழாத் தொங்கவிட்டுக்கூட சோதிச்சுக்குங்க, ஆனா அது இங்க இல்ல. ஹில்மா கடை பாத்ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன். குண்டு போட்டிருக்கு. கதவு உள்ள பூட்டியிருக்கு, கடை முழுக்கச் சின்னப் பசங்க, என் பொண்டாட்டி வெளிய நின்னு தட்டிட்டிருக்கா. ...ஆமா, நான்தான். நான்தான் விட்டேன். ...லைசென்ஸ் போனாப் போகட்டும்மா, ரேடியோவுல சொல்லுங்க!

ஐலி? ரேடியோவுல பேசிட்டிருக்காங்க... என்ன? ...குரல் வருதா? உள்ளேருந்தா? ...யாரு?

...உர்ஹோவா?

நம்ம காபிக் கூட்டாளி உர்ஹோவா! ஐயோ, ஆண்டவரே... ஆபீசரம்மா, உள்ள இருக்கறது உர்ஹோ! குழந்தை இல்ல! எழுபத்தஞ்சு வயசுக் கிழவன்! ...இவ்வளவு நேரம் பதில் சொல்லாம என்ன பண்ணான்? ...காது மிஷினக் கழட்டிப் பாக்கெட்ல வச்சிருந்தானா. ஏன்? ...பசங்க சத்தமா. சரி, சரி. இப்பத் திறக்கச் சொல்லு.

...மாட்டேங்கறானா? ஏன் மாட்டேங்கறான்?

...ம்... ம்... உள்ள போனதும் பாத்தானா. தொடலையே? ...நல்லவன். ...பசங்க வரிசையப் பாத்துட்டு, பூட்டிக்கிட்டு காவலுக்கு உக்காந்துட்டானா? அந்தச் சோம்பேறியா? அவனுக்கு ஒரு சிலை வைக்கணும், உக்காந்த மாதிரியே... சரி, அதான் நீ வந்துட்டல்ல, உன்கிட்டத் தரச் சொல்லு.

...என்னது? திருப்பிச் சொல்லு.

"காரணம் இல்லாம யாருக்கும் கதவைத் திறக்காதேன்னு ரெய்னோ சொல்லியிருக்கான்"னா? ...டேய்! அது போலீஸ் வந்தா! ஐலிக்கு இல்ல! ...காரணத்தைச் சொன்னாத்தான் திறப்பானாமா? துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் தன் வாயால சொல்லணுமா? ...பதினஞ்சு வருஷமா தினம் காபியோட சேத்து நான் ஊட்டின பாடத்தை அப்படியே எனக்குத் திருப்பி ஊட்டறான் பாரு.

...ஸ்பீக்கர்ல போடவா? வேண்டாம் ஐலி, கடை முழுக்க... ஹில்மா நிக்கறாளா? சமையக்காரன் கூடவா? ...சரி. போடு. கதவுகிட்டக் கொண்டு போ... மிஷினக் காதுல மாட்டியிருக்கானா? ...டேய் உர்ஹோ! நான் ரெய்னோ பேசறேன்! ...அந்தத் துப்பாக்கி என்னுது! நான்தான் அங்க வச்சு மறந்துட்டு வந்தேன்! ...ஆமாடா, நான்தான், எல்லாருக்கும் வகுப்பு எடுக்கற அதே ரெய்னோ! ...என்ன கைதட்டல் அது? ஐலி, யாரு கை தட்டறா? ...பசங்களா? அதுங்களுக்கு என்ன புரிஞ்சுது?

இரு, ஆபீசரம்மா ஏதோ சொல்றாங்க. ...சரிங்க... சரிங்க... ஐலி, கதவத் திறக்க வேண்டாமாம். அவங்களே வந்து எடுப்பாங்களாம், அதுவரைக்கும் உர்ஹோ அப்படியே உள்ள உக்காந்திருக்கணுமாம். பசங்களைப் பொம்பளைங்க பாத்ரூமுக்கு அனுப்பிடு... எனக்கா? ரெண்டு அபராதச் சீட்டாவது தருவாங்க. பிளேட்டுக்கு ஒண்ணு... மத்ததைப் பத்தி ஷெரிப் பேசுவாராம்... தெரியல, கண்ணு. லைசென்ஸ் போனாலும் போகலாம். எடுத்துட்டாக்கூட நான் வாயத் திறக்க மாட்டேன்.

ஆபீசரம்மா, நான் போகலாமா, இல்ல பிடிச்சு... ம்? ...போகலாமாம், ஆனா பின்னாடியே வருவாங்களாம். முதல்ல பிளேட்டத் துடைக்கணுமாம்.

சரி ஐலி, நீ போய் உக்காரு, எனக்கொரு காபி சொல்லி வை... ஏன் மூச்சு வாங்குது? நிதானமாப் போ... என்ன தேடற?

...ஹேண்ட்பேக்கா? நாற்காலியிலதானே மாட்டிட்டு வந்த...

ஐலி.

ஐலி, உன்னோட துப்பாக்கி அதுக்குள்ளதானே இருக்கு?

...யாரு உக்காந்திருக்கா நம்ம மேஜையில? ...கோல்கீப்பர் பையனா? ...ஓடு! ...ஓடிட்டே சொல்லு! ...ஐலி! ...ஐலி? ...எடுத்துட்டியா? கையில இருக்கா? ஜிப்பு? ...திறக்கலையே? ...பான்கேக்க விட்டு அவன் தலையே நிமிரலையா? அந்தப் பையனுக்கு என் கணக்குல இன்னொரு தட்டு குடு!

...இல்லைங்க ஆபீசரம்மா, இது வேற... ஆமாங்க, அவளுக்கும் லைசென்ஸ் இருக்கு. கிளாஸ்ல என்னைவிட நல்ல மார்க்கு... எத்தனையா? வீட்டுல மொத்தம் எத்தனை, எங்கெங்க வச்சிருக்கோம்னா? ...அதைக் கேக்கணும்னா ஆபீசரம்மா, உங்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கணும்...

...இப்ப இருக்குங்கறா, ஐலி. வச்சுடறேன்.