தலைமாட்டில் நின்றவர்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் மையத்தின் தலைவர் அவர்களே, டாக்டரம்மாவின் அக்கா அவர்களே, உடன் பணியாற்றும் தோழர்களே, நாற்காலி கிடைக்காமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் குழந்தைகள் வளர்ச்சி மையத்தின் மூத்த நர்ஸ் நான். டாக்டரம்மாவுக்கு இரங்கல் உரை சொல்லென்று என்னை எழுப்பி விட்டிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வேன்? போன செவ்வாய்க்கிழமை காலையில், "கண்ணாடியைத் துடைச்சிட்டுப் படி. மூக்குல மாட்டியிருக்கறது அழகுக்கா?" என்று என்னைக் கிண்டல் செய்த மனுஷி, அதோ படமாக இருக்கிறார். இதை என்னால் நம்ப முடியவில்லை. இப்போதுகூட அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "வேலை நேரத்துல என்ன கூட்டம்?" என்று கேட்பார் போலிருக்கிறது.

வெளியுலகத்துக்கு அவர் குழந்தை நல மருத்துவர். நம் தாய்மார்களுக்கோ 'தலைமாட்டு டாக்டர்'! அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிற்கத் தெரியாத குழந்தையின் நீளத்தை அளக்க ஒரு பலகை இருக்கிறது. பிள்ளையை அதில் படுக்கவைத்து, தலையை ஒருவர் பிடிக்க வேண்டும், காலை ஒருவர் பிடிக்க வேண்டும். டாக்டரம்மா எப்போதும் தலைமாட்டில்தான் நிற்பார். தலைகீழாகத் தெரியும் அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகிற பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். நடுவில் குனிந்து எண்ணைப் படிப்பவள் நான். கால்மாட்டில் நிற்பது யார்? அதுதான் அவர் வைத்த சட்டம். அந்தக் குழந்தையின் வீட்டில் யார் கரண்டியைப் பிடிக்கிறார்களோ, அவர்தான் காலைப் பிடிக்க வேண்டும்!

அந்தச் சட்டம் பிறந்ததற்கு ஒரு பூட்டுதான் காரணம். சிரிக்காதீர்கள். ஒரு இளந்தாய் பிள்ளையின் துணிக்குள் இரும்புப் பூட்டு ஒன்றை ஒளித்துவைத்து எடை போடக் கொண்டு வந்தாள். டாக்டரம்மா அதை உருவி எடுத்து, "பிள்ளை நல்லாத்தான் இருக்கான். இந்தப் பூட்டுக்கு எத்தனை மாசம் ஆகுது?" என்று கேட்டார். அறையே சிரித்தது. அவள் மட்டும் அழுதாள். "எடை ஏறலைன்னா என்னைத்தான் திட்டுறாங்க டாக்டர். ஆனா வீட்டுல பரிமாறுறது மாமியார். எல்லாரும் சாப்பிட்ட மிச்சம்தான் எனக்கும் பிள்ளைக்கும்."

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. மறுவாரம் அந்த மாமியாரை வரவழைத்தார். திட்டவில்லை. "வாங்கம்மா, பேரன் காலைப் பிடிங்க" என்றார். எண்ணைப் படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "எடை குறைஞ்சா சீக்கிரம் தேத்திடலாம்மா. நீளம் நின்னுபோச்சுன்னா, அது ரொம்ப நாளா உள்ள இருக்கற பசி. வயித்துல உருவான நாள்லேர்ந்து ரெண்டு வயசு வரைக்கும் என்ன கெடைக்குதோ, அதை வச்சுத்தான் எலும்பும் மூளையும் வளருது. அதுல குறைஞ்சா பெரியவனானப்புறம் சர்க்கரை, ரத்தக்கொதிப்புன்னு வட்டியோட வரலாம். முதல் தட்டு மருமகளுக்கு வைங்க." அந்த மாமியார் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அந்தப் பேரன் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடுகிறான்!

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வராமல் எங்கே போவது?

பலகையில் ஒரு பெண் குழந்தை. இரண்டு முறையாக நீளம் ஏறவே இல்லை. இந்த முறை ஏறியிருக்கிறதா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எல்லோரும் காத்திருந்தோம். கால்மாட்டில் அதன் அப்பா, அந்த வீட்டில் கரண்டி அவர் கையில்தான். தலைமாட்டில் டாக்டரம்மா. நான் குனிந்தேன். "பிள்ளையைப் பிடிங்க" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. அவ்வளவுதான். டாக்டரம்மா தரையில் கிடந்தார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அத்தனை பேரும் பிள்ளையைப் பிடித்தோம்! விழுந்தவரை விட்டுவிட்டு, விழாத குழந்தையைப் போய்ப் பிடித்தோம். அப்படியே எங்களைப் பழக்கி வைத்திருந்தார். பிறகுதான் திரும்பினோம். நெஞ்சை அழுத்தினோம், ஊசி போட்டோம், கத்தினோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் அவர் பிழைக்கவில்லை. ஐம்பதுகூட ஆகாத மனுஷி!

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். "அவ பொறந்தப்ப கைக்குள்ள அடங்கிடுவா. அப்பாவுக்கு வேலை போன சமயம். அம்மாவே பட்டினி. பாலுக்குப் பாதி தண்ணி ஊத்தித்தான் அவளுக்குக் கொடுத்தோம். சின்ன வயசுலேயே ரத்தக்கொதிப்பு வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னா."

நான் இடிந்துபோனேன். அந்தப் பசிதான் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஒரு சாவுக்கு ஒரே காரணம் சொன்னால் அவரே என்னைத் திட்டுவார். ஆனால் மாமியாரிடம் 'வட்டியோட வரலாம்' என்று சொன்னாரே, அது புத்தகத்தில் படித்த பேச்சா? இல்லை! தன் உடம்பைத் தெரிந்து பேசிய பேச்சு. தனக்குக் கிடைக்காததைத்தான் அந்தத் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இப்போது தலைவர் அவர்களிடம் ஒரு வார்த்தை. டாக்டரம்மாவின் நினைவாக அந்தப் பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாக அறிவித்தீர்கள். இதோ பூப்போட்டு மேடையிலும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் அன்பு பெரியது. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது! வேறு மருத்துவர் வரும்வரை அளவு அறையைப் பூட்டிவைப்பதாகவும் சொன்னீர்கள். பிள்ளைகள் வளர்வதை நிறுத்திக்கொண்டு காத்திருக்குமா?

செவ்வாய்க்கிழமை அந்தக் குழந்தையின் எண்ணை நான் படிக்கவில்லை. இன்றுவரை யாரும் படிக்கவில்லை. அதோ மூன்றாவது வரிசையில் அதன் அம்மா பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், துக்க வீட்டில் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள். அம்மா, நீ கேட்கலாம். இங்கே நீதான் கேட்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்காக எழுந்து நின்று மௌனம் காக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அந்தப் பூவை எடுத்து ஓரமாக வையுங்கள். பலகையைத் துடையுங்கள். இனி தலைமாட்டில் நான் நிற்கிறேன், என் உடம்பில் தெம்பு உள்ளவரை. அக்கா, எண்ணை நீங்கள் படியுங்கள், சத்தமாக. தலைவர் அவர்களே, எழுந்து வாருங்கள், கால்மாடு உங்களுக்கு. இந்த மையத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் போடும் சாப்பாட்டுக்குக் கரண்டி உங்கள் கையில்தானே இருக்கிறது?

வா அம்மா, கொண்டு வந்து படுக்க வை. பயப்படாதே.

தலைவரே, பிள்ளையைப் பிடிங்க.